23 வருடம், 4 மாதம், 8 நாள்: இன்டர்ஸ்டெல்லார் பார்த்து அழுதவர்கள் இழை

[கேள்வி] 8 பிப்ரவரி 2025, காலை 10:12

நேற்று மறுவெளியீட்டில் ஐமேக்ஸில் பார்த்தேன். வரிசை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் அழுதேன், மறைக்கவில்லை. வெளியே வந்ததும் கோபம்தான் வந்தது. இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் அப்படி ஆர்கனை ஓங்கி அடித்தால் யாருக்குத்தான் கண் கலங்காது? அதை உருவிவிட்டால் மிச்சம் ஒரு அப்பா–மகள் சென்டிமென்ட், மேலே தூவின கொஞ்சம் இயற்பியல், கடைசியில் "அன்பு ஒரு பரிமாணம்" என்று ஒரு கதை. இதைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறார்களே! விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அழவைத்தது அறிவியலா, ஆர்கனா?

8 பிப்ரவரி, காலை 11:05

கணக்கு. ஆர்கன் அதற்கு அப்புறம்தான்.

ஆர்கன் நின்றுபோகிற இடத்தையே எடுத்துக்கொள்வோம். கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மில்லர் கிரகத்திலிருந்து திரும்பி வந்த அப்பா கூப்பர், பூமியிலிருந்து வந்து சேர்ந்து கிடக்கும் வீடியோச் செய்திகளைப் பார்க்கிறார். மகன் டாம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறான். அடுத்ததில் கையில் குழந்தை, பெயர் ஜெஸ்ஸி. அதற்கடுத்ததில் டாமுக்கு வேறு முகம், வேறு நடிகர். தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவுக்கும் ஜெஸ்ஸிக்கும் பக்கத்தில் புதைத்தோம் என்கிறான். குழந்தை செத்ததற்கு தனிக் காட்சி இல்லை, தனி வசனம்கூட இல்லை. தாத்தாவின் குழி எங்கே என்று அடையாளம் சொல்லும்போது அந்தப் பெயர் தற்செயலாக விழுகிறது. இரண்டு நிமிடம் முன்னால்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தோம்.

பிறகு டாம் விடைபெறுகிறான். திரை அணைகிறது, இசையும் அதோடு அறுந்துவிடுகிறது. அந்த வெறுமையில்தான் மகள் மர்ஃப் வருகிறாள். யூட்யூபில் முதல்முறை பார்ப்பவர்களின் வீடியோக்களில் கவனியுங்கள். இசை ஏறும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தவர்கள்கூட இங்கேதான் உடைகிறார்கள்.

8 பிப்ரவரி, பிற்பகல் 2:30

"கணக்கு" என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் எப்படி என்கிறார் கேள்வி கேட்டவர். சரி, போட்டுவிடுவோம்.

கருந்துளையின் ஈர்ப்பால் நேரம் மெதுவாக ஓடும் மில்லர் கிரகத்தில் 1 மணி நேரம் என்றால் பூமியில் 7 வருடம். இது இறங்குவதற்கு முன்பே நமக்குச் சொல்லப்படுகிறது. 7 வருடம் என்பது சுமார் 61,360 மணி நேரம். ஆக விகிதம் ஒன்றுக்கு 61,360. திரும்பி வந்ததும், கலத்தில் காத்திருந்த ரோமிலி சொல்வது 23 வருடம், 4 மாதம், 8 நாள். அதை 7ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிடம். என்ஜினில் புகுந்த தண்ணீர் வடிய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்று ரோபோ கேஸ் சொல்கிறதே, அந்தக் காத்திருப்பு மட்டுமே பூமியில் 5 முதல் 7 வருடம்.

அந்தக் கிரகத்தில் மலையளவு அலை வருவது ஆபத்து. தண்ணீர் வடியக் காத்திருப்பது செலவு. நிமிடத்துக்கு சுமார் 43 நாள் வீதம் மீட்டர் ஓடுவது பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே பதிந்துவிட்டது. வீடியோ காட்சியில் பில் நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். விகிதத்தைச் சொல்லாமல் அங்கே போய், திரும்பியதும் "23 வருடம் போச்சு" என்றிருந்தால் அது ஒரு அதிர்ச்சி. அழுகை வந்திருக்காது.

8 பிப்ரவரி, இரவு 9:15

கூடுதலாக ஒன்று. அந்தச் செய்திகளை முன்பே படமாக்கி வைத்திருந்தார்கள். கூப்பராக நடித்த மேத்யூ மெக்கானகே அவற்றைப் பார்க்காமலேயே கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார், இயக்குநர் நோலன் அவர் முகத்தின் குளோசப்பைத்தான் முதலில் எடுத்தார். முதல் டேக்கில் கிடைப்பது மூன்றாவதில் கிடைக்காது என்பது எந்த நடிகருக்கும் தெரியும்.

9 பிப்ரவரி, காலை 7:50

கீழே ஒருவர், "மில்லர் கிரகத்துப் பின்னணி இசையில் கேட்கும் ஒவ்வொரு டிக்கும் பூமியில் சரியாக ஒரு நாள்" என்று எழுதியிருக்கிறார். இணையம் முழுக்க சுற்றும் செய்தி. வகுத்துப் பார்த்தால் "சரியாக" என்பது நிற்காது. டிக் விழுவது 1.25 விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 48, ஒரு மணி நேரத்தில் 2,880. 7 வருடத்தில் 2,557 நாள். ஆக ஒரு டிக்குக்கு 21 மணி 18 நிமிடம். ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் குறைவு. கச்சிதமாக ஒரு நாள் வர வேண்டுமென்றால் 1.41 விநாடிக்கு ஒரு டிக் விழ வேண்டும். அது கொஞ்சம் தூங்கி வழியும்.

9 பிப்ரவரி, இரவு 10:20

அறிவியலில் உண்மையான ஓட்டை எது என்று கேட்டவருக்கு: அலையும் இல்லை, கருந்துளைக்குள் விழுவதும் இல்லை. மில்லரின் சிக்னல், அதாவது அந்தக் கிரகத்தில் முன்பே தனியாகப் போய் இறங்கிய விண்வெளி வீரர் அனுப்பியது.

நேரம் 61,360 மடங்கு மெதுவாக ஓடும் இடத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலையும் வெளியே அதே விகிதத்தில் நீண்டுதான் வரும். விண்கலங்கள் பயன்படுத்தும் 8 கிகாஹெர்ட்ஸில் அனுப்பியிருந்தால் வெளியே வந்து சேர்வது சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். நம் வீட்டு வானொலியின் மீடியம் வேவ் தொடங்குவதே 530 பக்கம். அவ்வளவு கீழே ஒரு சிக்னல் வந்திருந்தால், விண்வெளிக் குறுக்குவழியான புழுத்துளையைத் தாண்டும் முன்பே "அங்கே கடிகாரம் ஓடும் லட்சணம் சரியில்லை" என்று யாருக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும். முதல் செய்தியே திரும்பத் திரும்ப எதிரொலித்துக்கொண்டிருந்தது என்று படம் சமாளிக்கிறது. அந்த எதிரொலியும் நீண்டுதான் வரும்.

ஆனால் இதே ஓட்டைக்குள் படத்தின் குரூரமான கணக்கும் இருக்கிறது. மில்லர் பூமிக் கணக்கில் பத்து வருடம் முன்னால் இறங்கியிருந்தால், அவரது கடிகாரத்தில் அது 86 நிமிடம். அவர் செத்து நிமிடங்கள்தான் ஆகியிருக்கும் என்று கூப்பரோடு போன விஞ்ஞானி பிராண்ட் உணரும் வசனம் சும்மா பயமுறுத்த வைத்ததில்லை, கணக்குக்கு ஒத்துவருகிறது.

10 பிப்ரவரி, காலை 8:05

ராக்கெட் கிளம்பும் கட். எடிட்டிங் படிப்பவர்கள் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க வேண்டியது.

கூப்பர் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். பக்கத்து சீட்டுக்குக் கீழே கிடக்கும் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார். முன்பு மர்ஃப் ஒளிந்திருந்த இடம். இப்போது காலி. வீட்டிலிருந்து மர்ஃப் ஓடி வருகிறாள், வண்டி போய்விட்டது. அவர் முகம் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது, ஒலியில் கவுன்ட்டவுன் தொடங்கிவிடுகிறது. பூஜ்யத்தில் நெருப்பு. பயிற்சி இல்லை, விண்வெளி உடை மாட்டும் காட்சி இல்லை, கையசைப்பு இல்லை. வேறு படமாக இருந்தால் அதற்கே பத்து நிமிடம் போயிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பார்ப்பவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேறியிருப்பான். எடிட்டர் லீ ஸ்மித் தேறவிடவில்லை.

10 பிப்ரவரி, காலை 8:11

இந்தக் காட்சியில் ஆர்கன் உச்சத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை.

11 பிப்ரவரி, இரவு 11:00

ஆர்கனை நான் மட்டம் தட்டுவதாக மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வாத்தியத்தைப் பற்றியே பேசுவோம். லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் ஆர்கன், 1920களில் கட்டியது, கைக்கு நான்கு விசைப்பலகை. வாசித்தவர் அந்தத் தேவாலயத்தின் ரோஜர் சேயர். அதில் 32 அடிக் குழாய் இருக்கிறது. அதன் அடிச்சுரம் 16 ஹெர்ட்ஸ் பக்கம், காது கேட்பதன் கீழ் விளிம்புக்கும் கீழே. அதைக் கேட்பதைவிட நெஞ்சில் வாங்குவதுதான் அதிகம். காற்றால் ஓடும் வாத்தியம் என்பதால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது. மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டே வரும் படத்துக்கு வேறு எதைப் போடுவது?

இன்னொரு விஷயமும் உண்டு. இது விண்வெளிப் படம் என்று ஸிம்மரிடம் முதலில் சொல்லவே இல்லை. தகப்பனையும் பிள்ளையையும் பற்றி நோலன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், அதை வைத்துத்தான் முதல் மெட்டு வந்தது. ஆக கேள்வி கேட்டவர் "அப்பா–மகள் சென்டிமென்ட்" என்று சொன்னதில் தப்பே இல்லை. அதைக் குறையாகச் சொன்னதில்தான் எனக்குத் தகராறு.

12 பிப்ரவரி, பிற்பகல் 1:40

படத்தில் வரும் கார்கன்சுவா கருந்துளை "100 சதவீதம் நிஜம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் குட்டு.

நிறை 10 கோடி சூரியன். அவ்வளவு நேர விரிவு கிடைக்க வேண்டுமானால் அது ஒரு கருந்துளை சுழலக்கூடிய உச்ச வேகத்துக்கு 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாகச் சுழல வேண்டும் என்று கணக்குப் போட்டவர் படத்தின் அறிவியல் ஆலோசகரான இயற்பியலாளர் கிப் தோர்ன். ஆனால் திரையில் நாம் பார்க்கும் உருவம் உச்சத்தில் 0.6 பங்கு வேகத்துக்கு வரைந்தது. உச்ச வேகத்தில் நிழல் ஒரு பக்கம் தட்டையாகி, பார்ப்பவர்களைக் குழப்பும். நகரும் பொருளின் ஒளி நிறமும் பிரகாசமும் மாறித் தெரிவதை, அதாவது டாப்ளர் விளைவையும் விட்டுவிட்டார்கள். சேர்த்திருந்தால், கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் நீலமாகக் கொளுத்தும், விலகிப் போகும் பக்கம் மங்கிச் சிவந்து காணாமலே போகும். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளையின் படத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருந்ததே, அந்தச் சமச்சீரின்மை படத்தில் வேண்டுமென்றே துடைக்கப்பட்டது.

தட்டின் பின்பக்கம் மேலேயும் கீழேயும் வளைந்து ஒளிவளையமாகத் தெரிவது மட்டும் அசல். 1979இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான்-பியர் லுமினே கணினியில் கணக்கிட்டு, கையால் புள்ளி வைத்தே அதை வரைந்துவிட்டார். படத்துக்கு கிராஃபிக்ஸ் செய்த டபுள் நெகட்டிவ் குழு ஒளிக்கற்றைகளை வளைத்துக் கணக்கிட நிரலே தனியாக எழுதியது. சில ஃபிரேம்களுக்கு 100 மணி நேரம் வரை ஆனது. அந்த வேலை 2015இல் இயற்பியல் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. தோர்னுக்கு 2017இல் கிடைத்த நோபல் இதற்காக இல்லை, ஈர்ப்பலைகளுக்காக. மாதம் ஒருவராவது இங்கே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

12 பிப்ரவரி, பிற்பகல் 1:52

"அவ்வளவு பக்கத்தில் தட்டு இருந்தால் எல்லோரும் எக்ஸ்ரேயில் வெந்திருக்க மாட்டார்களா?" நல்ல கேள்வி. அதற்காகத்தான் தட்டைச் சூரியனின் மேற்பரப்பு அளவுக்குக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். இரை கிடைத்துப் பல காலம் ஆன கருந்துளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13 பிப்ரவரி, காலை 9:00

படத்தில் வரும் ரோபோ டார்ஸின் நேர்மை அளவு 90 சதவீதம், நகைச்சுவை 75. இந்த இழையில் சிலருக்கு இரண்டையும் மாற்றி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

13 பிப்ரவரி, காலை 9:30

டார்ஸ் முழு கிராஃபிக்ஸ் இல்லை. சுமார் 90 கிலோ எடையுள்ள நிஜப் பொம்மை. பின்னால் நின்று தள்ளி நடக்கவைத்து, குரலும் கொடுத்தவர் பில் இர்வின். படமெடுத்த பிறகு அவரை அழித்தார்கள். இன்னொரு ரோபோவான கேஸ் தண்ணீரில் சக்கரமாக உருளும் இடம் போன்றவைதான் கணினி. எதிரில் நிஜமாக ஒருவர் பேசிக்கொண்டிருந்ததால்தான் நடிகர்களின் கண் சரியான இடத்தில் நிற்கிறது. டார்ஸ் கருந்துளைக்குள் பிரிந்து போகும்போது ஒரு இரும்புப் பலகைக்காகத் தொண்டை அடைப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கண்கள்.

15 பிப்ரவரி, மாலை 6:45

வீட்டில் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியவருக்கு. டிவியோடு வரும் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆர்கனின் பாதி உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. செய்ய வேண்டியவை:

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை முதலில் அணையுங்கள். படம் விநாடிக்கு 24 ஃபிரேம். இது இருந்தால் சீரியல் மாதிரி ஆகிவிடும். ஆட்டோ வால்யூம், நைட் மோடு இரண்டையும் அணையுங்கள், மௌனத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைத் தின்பவை அவைதான். சப்வூஃபர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் பிரித்து, முன் சுவரின் மூலைக்கு அருகில் வையுங்கள். ரொம்பவும் மூலையில் தள்ளினால் எல்லாச் சுரமும் ஒரே "உம்ம்" என்று ஆகிவிடும், ஒரு அடி வெளியே இழுங்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் மொத்தச் சத்தத்தையும் ஏற்றாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டுங்கள். பேச்சை இசை விழுங்குவது உங்கள் கருவியின் கோளாறில்லை. 2014இலேயே அமெரிக்காவில் ஒரு தியேட்டர் "எங்கள் ஒலி சரியாகத்தான் இருக்கிறது" என்று நோட்டீஸ் ஒட்டியது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்று நோலனும் சொல்லிவிட்டார். 4கே டிஸ்கில் இருப்பது 5.1 ஒலிதான், மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸைத் தேட வேண்டாம்.

படத்தின் உயரம் நடுநடுவே மாறும். அகலக் காட்சிகளில் அகலம் உயரத்தைப்போல 2.40 மடங்கு, ஐமேக்ஸில் எடுத்தவை டிவி முழுக்க 1.78. ஜூம் போட்டு நிரப்பிவிடாதீர்கள். சனியைக் கடந்து போகும் கலம் ஒரு புள்ளியாகத் தெரிவதற்கு அந்தக் கறுப்புப் பரப்பு முழுசாக வேண்டும்.

16 பிப்ரவரி, காலை 10:10

"இந்தியாவில் பார்த்தது உண்மையான ஐமேக்ஸா?" டிஜிட்டல் ஐமேக்ஸ், படச் சட்டத்தின் அகலம் உயரத்தைப்போல 1.90 மடங்கு. ஃபிலிம் ஐமேக்ஸின் சட்டம் 1.43, இன்னும் உயரம். அப்படி ஃபிலிமில் வணிகப் படம் ஓட்டும் ஐமேக்ஸ் இப்போது இந்தியாவில் இல்லை. அந்த ஃபிலிம் சுருளில் ஒரு ஃபிரேமுக்கு 15 துளை, நீளம் ஏறத்தாழ 71 மில்லிமீட்டர். விநாடிக்கு 24 என்றால் 1.7 மீட்டர். 169 நிமிடத்துக்கு 17 கிலோமீட்டர் ஃபிலிம். தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் சைதாப்பேட்டையைத் தாண்டிவிடலாம்.

18 பிப்ரவரி, இரவு 8:30

ஆரம்பத்தில் பேட்டி கொடுக்கும் கிழவர்கள் "நன்றாக நடித்திருக்கிறார்கள்" என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே இல்லை. 1930களில் அமெரிக்கச் சமவெளியை மூடிய புழுதிப் புயல்களை நேரில் பார்த்தவர்கள், கென் பர்ன்ஸ் 2012இல் எடுத்த ஆவணப்படத்தில் பேசியவர்கள். அவர்களுக்கு நடுவே எலன் பர்ஸ்டினை, அதாவது கிழவி மர்ஃபை, நைசாகச் செருகிவிட்டார்கள். தட்டைக் கவிழ்த்து வைத்துச் சாப்பாட்டு மேசை தயார் செய்ததெல்லாம் நிஜ வீடுகளில் நடந்தது. படத்தில் பறக்கும் புழுதி மட்டும் அரைத்த அட்டைத் தூள், ராட்சச விசிறிகளால் ஊதியது. சோளம் நிஜம்: கனடாவின் ஆல்பர்ட்டாவில் 500 ஏக்கர் விதைத்து, படம் எடுத்து முடித்து, விற்று லாபமும் பார்த்தார்கள்.

20 பிப்ரவரி, இரவு 10:00

கடைசியாக அந்த "அன்பு ஒரு பரிமாணம்".

அதைச் சொல்வது படம் இல்லை, பிராண்ட். எந்தச் சூழலில் சொல்கிறார் பாருங்கள். எரிபொருள் ஒரு கிரகத்துக்குத்தான் போதும்: முன்பே போன விஞ்ஞானிகளான மான் இறங்கியது, அல்லது எட்மண்ட்ஸ் இறங்கியது. பிராண்ட் முதலில் வைப்பது சுத்தமான அறிவியல் வாதம்: உயிர் உருவாகத் தற்செயல் மோதல்கள் வேண்டும், கருந்துளை பக்கத்தில் இருந்தால் சிறுகோள்களையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும், ஆகவே தள்ளிப் போவோம். நல்ல வாதம். உடனே கூப்பர், எட்மண்ட்ஸை நீங்கள் காதலிப்பதைச் சொல்லவில்லையே என்று மடக்குகிறார். அந்த மூலையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அன்பைப் பற்றிய பேச்சு வருகிறது. பத்து வருடமாகப் பார்க்காத ஒருவனை விட்டுவிட முடியாத பெண், 23 வருடம் தொலைத்துவிட்டு வந்த அன்றைக்கு, தோற்றுக்கொண்டிருக்கும் வாதத்தில் பேசுவது. இயற்பியல் கோட்பாடாக அதை எடுத்துக்கொண்டால் அபத்தமாகத்தான் படும்.

கூப்பர் தரவை நம்பி மானைத் தேர்ந்தெடுக்கிறார். தரவு பொய். எட்மண்ட்ஸ் கிரகம்தான் வாழத் தகுந்தது. பிராண்ட் ஜெயித்தது அன்பாலா, சிறுகோள் வாதத்தாலா? படம் பதில் சொல்லவில்லை. எனக்குச் சிறுகோள்தான்.

22 பிப்ரவரி, காலை 7:20

வெடித்துச் சுழலும் தாய்க்கலத்தோடு கூப்பர் தன் கலத்தை இணைக்கும் டாக்கிங் காட்சிக்கு ஏன் கைதட்டல் என்று ஒரு எண். தாய்க்கலமான எண்டியூரன்ஸின் வளையத்துக்கு ஆரம் 30 மீட்டர் என்று வையுங்கள். பூமியின் ஈர்ப்பு கிடைக்க நிமிடத்துக்கு ஐந்தரைச் சுற்று போதும். வெடித்த பிறகு சுற்றுவது 67, 68. விளிம்பில் அது 155 மடங்கு ஈர்ப்பு, வளையம் பிய்ந்துகொள்வதில் ஆச்சரியமே இல்லை. கூப்பர் உட்கார்ந்திருப்பது அச்சுக்குப் பக்கத்தில். அச்சிலிருந்து 1 மீட்டரில் 5 ஈர்ப்பு, 2 மீட்டரில் 10. பிராண்ட் மயங்குகிறார், கூப்பர் மயங்கவில்லை. ஒரு மீட்டர் வித்தியாசம்தான் விஷயம்.

2 மார்ச், இரவு 11:35

யாரும் கேட்காத கணக்கு ஒன்று. கிளம்பும்போது மர்ஃபுக்கு 10. சனிக்குப் போக 2, மில்லரில் 23 சொச்சம். செய்தி அனுப்பும்போது அவளுக்கு 35. "நீங்கள் கிளம்பிய வயது எனக்கு இன்று" என்ற பொருளில் பேசுகிறாள். அப்படியானால் கூப்பர் கிளம்பியது 35இல். கடைசியில் மருத்துவர் சொல்லும் வயது 124. நடுவே 89 வருடம். கருந்துளையைச் சுற்றிப் பாய்ந்ததில் 51 போகிறது. 2, 23, 51 கூட்டினால் 76 சொச்சம். 12, 13 வருடம் உதைக்கிறது. அதில் பெரும்பகுதி கார்கன்சுவாவுக்குள் அவர் விழும்போது போன நேரமாக இருக்கலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

10 மார்ச், மாலை 5:00

14ஆம் தேதி மறுபடி போடுகிறார்கள். பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், நடு சீட்டாகப் பாருங்கள். முன்வரிசையில் 1.90 சட்டத்தின் மேல் விளிம்பு கழுத்தை ஒடித்துவிடும். இடைவேளை விடும் தியேட்டராக இருந்தால் 169 நிமிடத்தின் பாதி கிட்டத்தட்ட அந்த வீடியோச் செய்திகளுக்குப் பக்கத்தில் வருகிறது. மில்லர் கிரகத்தில் இறங்கிய பிறகு விளக்கு எரிந்தால் பாப்கார்ன் வாங்கப் போகாமல் சீட்டிலேயே இருங்கள். வரிசையில் நிற்கும் பத்து நிமிடம் அங்கே ஒரு வருடம் இரண்டு மாதம்.